வீட்டுக்குள் போன உரல்கள்

என் அக்கா சின்னபொண்ணை மயிலத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற புலிக்கல்மேட்டில் கட்டிக்கொடுத்திருந்தோம். எங்களுக்குச் சொந்த ஊர் காணை. எங்கள் மண்ணில் கரும்பும் நெல்லும் விளையும். புலிக்கல்மேட்டில் விளைவது மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, கேப்பை, வாய்ப்பேச்சு. அக்கா வாழப் போன பிறகு மூன்றாவது பயிரில் மகசூல் இரட்டிப்பாகிவிட்டது என்று அந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள்.

ஊர் மொத்தமும் ஒரே தெரு. கிழக்கு முனையில் மாரியம்மன் கோயில், அதன் பின்னால் ஏரி. மேற்கு முனையில் சேரி, அதற்கும் அப்பால் கரட்டு மலை. கோயிலிலிருந்து தெருவுக்குள் நுழைந்தால் வலப்பக்கம் முதல் வீடு நாட்டாமை துரைக்கண்ணு மாமாவுடையது, இடப்பக்கம் முதல் வீடு அக்காவுடையது. அக்கா புருஷனுக்கு மாமா பெரியப்பா மகன். அந்தப் புருஷன் பாம்பு கடித்துச் செத்துப்போய் வெகுநாளாகிவிட்டது. குழந்தை குட்டி கிடையாது. அவளுக்கென்று இருந்தது அந்த வீடும், பின்னால் கொஞ்சம் கொல்லையும், வாசலில் பாதி புதைத்து வைத்த ஒரு கல் உரலும்தான். அந்த உரல் எங்கள் அப்பா சீராகக் கொடுத்தது. நான்தான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் இறக்கினேன். இறக்கும்போது என் முதுகில் பிடித்த பிடிப்பு இன்னும் மழைக்காலத்தில் வந்து விசாரித்துவிட்டுப் போகிறது.

அந்தத் தெருவில் எல்லா வீட்டு உரலும் வாசலில்தான் இருக்கும். வீட்டுச் சுவருக்கு ஓர் எட்டு முன்னால் உரல், உரலுக்கு அப்பால் தெரு. பெண்கள் நின்றுகொண்டு இடிப்பார்கள், தெருவில் போகிறவர்களோடு பேசுவார்கள். அக்கா பேசுவாள், இடையிடையே இடிப்பாள்.

யுத்த காலம். அந்தச் சித்திரையில் பட்டணத்தின்மேல் சப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே காலியாகி, திண்டிவனம், விழுப்புரம் ஸ்டேஷன்களில் மூட்டை முடிச்சோடு ஜனங்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் மலை தீப்பிடித்தது. வருஷா வருஷம் ஆடு மேய்க்கிறவர்கள் காய்ந்த புல்லைக் கொளுத்திவிடுவது வழக்கம், முதல் மழைக்குப் பசும்புல் கிளம்பும் என்று. மற்ற வருஷங்களில் நெருப்பு மலையிலேயே தின்றுவிட்டுப் படுத்துவிடும். அந்த வருஷம் மேல்காற்று அதை எழுப்பிவிட்டது. மலைப்புல், முட்புதர், பனந்தோப்பு, வைக்கோல் போர் என்று வரிசையாய் வந்து ஊருக்குள் நுழைந்தது. சேரி மலையடியில் இருந்ததால் முதலில் எரிந்தது அதுதான். பிறகு தெரு. பகல் சாய்வதற்குள் கூரை என்று ஒன்று மிச்சமில்லை. ஏரிக்கு ஓடிப்போனதால் மனுஷ உயிர் ஒன்றும் சேதமில்லை. கட்டியிருந்த ஆடுகள் சில போயின. அவற்றின் சத்தத்தைப் பற்றி இன்றுவரை அந்த ஊரில் யாரும் பேசமாட்டார்கள்.

மறுநாள் பட்டணத்திலிருந்து குண்டுக்குப் பயந்து ஒரு குடும்பம் அந்த ஊருக்குப் பத்திரமாய் இருக்க வந்தது. புகைந்துகொண்டிருந்த தெருவை வண்டியில் உட்கார்ந்தபடியே பார்த்தார்கள். "சப்பான்காரன் இங்கதான் முதல்ல வந்தானா?" என்று கேட்டுவிட்டு, அதே வண்டியில் பட்டணத்துக்கே திரும்பிவிட்டார்கள்.

உதவி வராமல் இல்லை. மேல்சித்தாமூர்ச் சமண நயினார் ஒருவர் ஒரு வண்டி கேப்பை அனுப்பினார். மற்ற ஊர்களுக்கெல்லாம், "பாவம், கஞ்சி காய்ச்சப் பானைகூட இல்லையாம்" என்று சேதி போயிருந்தது. அதனால் எல்லா ஊரும் பானை அனுப்பியது. ஆளுக்கு நாலு பானை, பானைக்கு ஒரு பிடி கேப்பை. புலிக்கல்மேடு கொஞ்ச நாள் குயவர் தெரு போல இருந்தது.

நான் காணையிலிருந்து வண்டி நிறையக் கரும்புச் சோகை, அதாவது காய்ந்த தோகை, ஏற்றிக்கொண்டு போனேன். மலையில் புல்லும் இல்லை, தோப்பில் ஓலையும் இல்லை, கூரைக்கு வேறு எதைப் போடுவது? நான் போன அன்று அக்கா உரலின்மேல் உட்கார்ந்திருந்தாள். மற்றபடி அவள் வீடு இருந்த இடத்தில் நாலு மண்சுவர் கருகி நின்றது. உலக்கை அவள் மடியில் இருந்தது. ஓடும்போது கையில் இருந்ததாம்.

"உலக்கையை எதுக்கு அக்கா எடுத்துகினு ஓடினே?"

"இடிச்சிக்கினு இருந்தேன். கையிலேயே இருந்துது. பொட்டிய எடுத்திருக்கலாம். புத்தி எங்க வேலை செஞ்சுது?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எனக்குத்தான் அழுகை வந்தது.

நெருப்பு எரிந்தபோது மழை வராதா என்று மாரியம்மனைக் கூவி அழைத்தார்கள். மழை வந்தது. நாலு நாள் கழித்து வந்தது. கூரையில்லாத மண்சுவர்கள் எல்லாம் கோடைமழையில் கரைந்து மேடாகிவிட்டன. மழையைக் கூப்பிட்ட அதே வாயால் அதைத் திட்டினார்கள். மழை நின்றபோது எது யார் வீடு என்று தெரியவில்லை. தெருவின் இரண்டு பக்கமும் சேற்றுமேடும், அதன் முன்னால் வரிசையாய்த் தண்ணீர் நிறைந்த உரல்களும்தான் இருந்தன.

கோயில் பூசாரி பெரியதம்பி அதைப் பார்த்து ஓர் உத்தரவு போட்டார். "நெருப்புக்குத் தப்பிச்சது கல்லும் இரும்பும் தான். அதுல ஆத்தா உக்காந்துகினு இருக்கா. ஆடியில அவ தெருவைச் சுத்தி வர்ற வரைக்கும் எவனும் உரலைப் பெயர்க்கக் கூடாது." ஊர் பயந்துபோய்க் கையெடுத்துக் கும்பிட்டது. உரலைத் தொடமாட்டோம் என்று எல்லாரும் சத்தியம் செய்தார்கள். சுவரைப் பற்றி யாரும் சத்தியம் கேட்கவில்லை.

சுவர் வைக்க சேரியிலிருந்து ராயப்பனும் அவன் ஆட்களும் வந்தார்கள். அவர்கள் வீடும் எரிந்துதான் கிடந்தது. ஆனால் தெருவுக்கு முடித்துவிட்டுத்தான் சேரிக்கு என்பது யாரும் சொல்லாமலே எல்லாருக்கும் தெரிந்த ஏற்பாடு. எனக்கு அது அன்றைக்கே பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்று சொல்வதற்கு நான் அந்த ஊர்க்காரனும் இல்லை.

ராயப்பன் மண்ணை மிதித்துப் பதமாக்கி, "எங்க வைக்கட்டும் ஆண்டே?" என்று துரைக்கண்ணு மாமாவைக் கேட்டான்.

"பழைய இடம் சொதசொதன்னு இருக்குது. ஒரு முழம் முன்னால வையி."

"ஒரு முழம் தள்ளினா உரல் சுவத்துல மாட்டும்."

மாமா யோசித்தார். உரலைப் பெயர்க்கக் கூடாது. சுவருக்குள் உரல் இருந்தால் பார்க்கவும் நன்றாக இராது. ஆகவே உரலையும் தாண்டி வைக்கச் சொன்னார். ராயப்பன் ஒரு தடவை தெருவைப் பார்த்தான், ஒரு தடவை வானத்தைப் பார்த்தான், வைத்தான். சுவர் வைப்பது அவன் வேலை, இடம் காட்டுவது அவர் வேலை.

நாட்டாமை தள்ளியதைப் பக்கத்து வீட்டுக்காரர் பார்த்தார். தள்ளாமல் விட்டால் தன் வீடு பல்லுப்போன இடம் மாதிரி உள்ளடங்கிப் போகுமே என்று அவரும் தள்ளினார். எதிர்வரிசைக்காரர்கள், "அவங்க வர்றாங்க, நாம மட்டும் இன்னா?" என்று இந்தப் பக்கத்திலிருந்து கிளம்பினார்கள். எல்லாம் பட்டப்பகலில்தான் நடந்தது. ஒருவர் செய்வதை ஒருவர் பார்த்துக்கொண்டே, ஒருவரும் பார்க்காத மாதிரி இருந்தார்கள். பதினெட்டுப் பட்டிக்கும் பஞ்சாயத்துப் பேசுகிற ஊர் அது.

நானும் அக்காவிடம் சொன்னேன்.

"எல்லாரும் தள்றாங்க அக்கா. நீ ஒண்டி பழைய இடத்துல நின்னா இளிச்சவாய்னு சொல்வாங்க."

"உரலை வூட்டுக்குள்ள வச்சிக்கினு சுவத்தைப் பார்த்துகினா இடிக்கச் சொல்றே?"

"இடிக்கிறது மாவு தானே? எங்க இடிச்சா இன்னா?"

"உனக்கு இன்னாடா தெரியும்! தெருவுல யாரு போறா, யாரு வர்றான்னு தெரியாம இடிச்சா கை வலிக்கும்."

அவ்வளவுதான். என் அக்கா நேர்மைக்காரி என்று நான் சொல்லவரவில்லை. ஊர்வம்பு பார்க்க வசதியாய் இருக்கவேண்டும், அதற்காகப் பழைய இடத்திலேயே சுவர் வைத்தாள். நான் கொண்டுவந்த சோகையைக் கூரையாய்ப் போட்டாள். மிஞ்சிய சோகையை நாட்டாமை வீட்டுக்குக் கொடுத்தாள்.

ஆனி பிறந்தபோது தெருவில் எல்லாக் கூரையும் நின்றுவிட்டது. அதோடு ஒரு விநோதமும் ஆரம்பித்தது. ஊரே நொண்டியது. யுத்தத்தில் மண்ணெண்ணெய் எங்கே கிடைக்கிறது? பொழுது சாய்ந்தால் வீட்டுக்குள் கும்மிருட்டு. இருட்டில் எழுந்து நடந்தால், பரம்பரையாய் வாசலில் இருந்த உரல் நடுவீட்டில் நின்று வரவேற்கிறது. ஆண், பெண், குழந்தை பாக்கியில்லாமல் எல்லார் கால் கட்டைவிரலிலும் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்ட கட்டு. கேட்டால் ஒருத்தர் முள் என்பார், ஒருத்தர் மாடு மிதித்தது என்பார். திண்டிவனம் சந்தையில் யாராவது நொண்டிக்கொண்டு வந்தால், "புலிக்கல்மேடா?" என்று கேட்கிற அளவுக்கு ஆகிவிட்டது. ஏதோ புது வியாதி என்று அம்மை குத்துகிறவர் ஒருவர் பெட்டியோடு வந்து பார்த்தார். ஊரே ஒரே குரலில் முள் என்றது. அவர் போகும்போது, இவ்வளவு முள்ளை நெருப்பு எப்படி விட்டுவைத்தது என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

நொண்டாதவள் என் அக்கா ஒருத்திதான்.

அடுத்த சங்கடம் பெண்களுக்கு. கூரை தாழ்வு, உலக்கை நெடுசு. வீட்டுக்குள் இடிக்கவே முடியாது. ஆகவே ஒவ்வொருத்தியாய்த் தானியத்தை எடுத்துக்கொண்டு அக்கா வாசலுக்கு வந்தார்கள். "உன் உரல்ல தான் சின்னபொண்ணு மாவு நைசா வருது" என்பார்கள். நாட்டாமை பெண்சாதி கிருஷ்ணவேணியும் நொண்டிக்கொண்டே வந்து இடித்துவிட்டுப் போவாள். ஊர் மொத்தமும் தன் வாசலைத் தேடி வந்து பேசிவிட்டுப் போனதில் அக்காவுக்கு இரண்டு சுற்று சதை போட்டது.

ஆடி நெருங்கியது. ஆடி வெள்ளியில் மாரியம்மன் தெருச் சுற்றி வருவாள். அவள் வருகிற சின்னத் தேரை எங்கள் பக்கத்தில் சகடை என்போம். பழைய சகடையில் மரமெல்லாம் எரிந்து இரும்பு அச்சு மட்டும் தப்பியிருந்தது. வெங்கடாசல ஆசாரி புதிதாய் மரம் இழைத்து, சக்கரம் பூட்டி, கோயில் வாசலில் நிறுத்தினார். நிறுத்திவிட்டுத் தெருவைப் பார்த்தார். பிறகு சகடையைப் பார்த்தார். பிறகு நாட்டாமையைக் கூப்பிட்டனுப்பினார்.

மாமாவுக்கு விஷயம் புரிந்தது. "ஆசாரி, இந்த வருசம் கொஞ்சம் ஒல்லியா பண்ணிடேன்."

"மரம்னா இழைப்பேன். அச்சு இரும்பு. அதை இன்னா கடிச்சா குறைக்கறது? நெருப்பு தொடாததைத் தொடக் கூடாதுன்னு உங்க பூசாரி வேற சொல்லிக்கினு இருக்காரு."

"ஆத்தாளைப் பக்கவாட்டுல நிக்க வச்சா?"

"அவ எப்படி நின்னாலும் சக்கரம் அச்சு நீளத்துக்குத்தான் நிக்கும், நாட்டாமை."

மாமா கயிறு எடுத்துவரச் சொல்லி, தன் சுவரிலிருந்து அக்கா வாசல் உரல் வரைக்கும் அளந்தார். அச்சு நீளத்துக்குப் பத்தவில்லை. எழுந்து நின்று, கண்ணைச் சுருக்கி, ஊரின் பெரிய கஷ்டத்துக்குக் காரணம் கண்டுபிடித்தவர் போல உரலைக் காட்டினார்.

"இதான் மறிக்குது. நட்ட நடுத் தெருவுல உரலு! உரலையும் எடுக்கணும், கூரை இடிக்காம இருக்க முன் சுவத்தையும் மூணு முழம் உள்ள தள்ளணும்."

"உரலைப் பெயர்க்கக் கூடாதுன்னு பூசாரி சொன்னாரே மாமா?" என்றேன் நான்.

பூசாரி பெரியதம்பி தாடியைத் தடவினார். "ஆத்தாளே வழி கேக்கறப்போ எடுக்கலாம். அது பெயர்க்கறது ஆவாது. ஒதுக்கறது."

அக்கா வீட்டின் முன்சுவர் மூன்று முழம் உள்ளே போனால் மிஞ்சுவது ஓர் அடுப்பும் அடுப்புக்குப் பின்னால் ஓர் ஆள் குந்துகிற இடமும்தான். சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அது தெரியும். முனையைத் தாண்டினால் உள்ளே தெரு இன்னும் குறுகல் என்பதும் தெரியும். நுழைந்த அம்மன் உள்ளே போய் என்ன செய்வாள் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. நாட்டாமை வீட்டைத் தொட்டால் எல்லார் வீட்டையும் தொடவேண்டி வரும். சின்னபொண்ணு வீட்டைத் தொட்டால் அவள் வீட்டோடு தீர்ந்தது. நான் சத்தம் போட்டேன். "பொறந்த வூட்டுக்காரன் வந்தமா, சாப்டமா, போனமான்னு இருக்கணும்" என்று யாரோ சொன்னார்கள். ஆடி வெள்ளிக்குள் அவளே செய்யாவிட்டால் ஊர் செய்யும் என்று முடிவாயிற்று.

அக்கா பேச்சை நிறுத்திவிட்டாள். வீடு எரிந்த அன்று பேசிய அக்கா, புருஷன் செத்த அன்றுகூடப் பாம்பு எப்படி வந்தது என்று வந்தவர்களுக்கெல்லாம் சொன்ன அக்கா, வாயை மூடிக்கொண்டு உரலடியில் உட்கார்ந்தாள். சோறு தின்றாயா என்றால் தலையை ஆட்டினாள். பெண்கள் தானியத்தோடு வந்தார்கள், இடித்தார்கள், அவள் முகத்தைப் பார்க்காமல் போனார்கள். எனக்குப் பயமாகிவிட்டது. காணைக்கே வந்துவிடு என்று கூப்பிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. சுவரையும் அவள் தொடவில்லை.

ஆடி வெள்ளி வந்தது. சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து கூட்டம். பம்பையும் உடுக்கையும் முழங்க, அம்மனை ஏற்றிய சகடையை இழுத்து வந்து தெருமுனையில் நிறுத்தினார்கள். ஒரு சக்கரம் நாட்டாமை சுவரை உரசியது, மறு சக்கரம் அக்கா உரலில் முட்டியது. நகரவில்லை.

"கடப்பாரை கொண்டாங்கடா" என்றார் மாமா.

"இருங்க" என்றார் பூசாரி. "சகடை நின்னுட்டா அந்த வாசல்ல முதல்ல மாவு இடிக்கணும். அது முறை."

முறை என்றால் முறைதான். சகடை எந்த வாசலில் நிற்கிறதோ அந்த வீட்டுப் பெண் ஊறவைத்த பச்சரிசியை அம்மன் கண்ணுக்கு எதிரே இடித்து மாவிளக்குப் போடவேண்டும். முதல் உரிமை நாட்டாமை வீட்டுக்கு. கிருஷ்ணவேணி தலைக்குக் குளித்து, மஞ்சள் புடவை கட்டி, ஒரு கையில் அரிசிக்கூடை, ஒரு கையில் உலக்கை, காலில் கட்டோடு நொண்டிக்கொண்டு வெளியே வந்தாள். வந்தவள் பழக்கதோஷத்தில் உரலைத் தேடினாள். வாசலே இல்லை. கதவுக்கு வெளியே சக்கரம்தான் இருந்தது.

அசலூர்க்காரி ஒருத்தி, "நாட்டாமை வூட்டு வாசல் உரல் எங்க?" என்று உரக்கக் கேட்டாள்.

"உள்ள போய் இடிச்சிக்கினு வா" என்றார் மாமா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"ஆத்தா பார்க்க இடிக்கணும்" என்றார் பூசாரி.

"கதவைத் தொறந்து வையி. எட்டிப் பார்ப்பா!"

கிருஷ்ணவேணி உள்ளே போனாள். முதல் இடியில் கூரை குலுங்கித் தூசி கொட்டியது. இரண்டாவது இடிக்கு உலக்கையை ஓங்கினாள் பாருங்கள், பூண் போட்ட முனை சோகையைப் பொத்துக்கொண்டு கூரைக்கு மேலே வந்து வெயிலில் மின்னியது. வந்த உலக்கை திரும்பவில்லை. அவள் உள்ளிருந்து இழுக்க இழுக்க, அது இப்படியும் அப்படியும் ஆடியது.

"நாட்டாமை வூட்டுக் கூரை முளைக்குதுடோய்!" என்று ஒருத்தன் கத்தினான். கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. உள்ளூர்க்காரர்கள் மட்டும் சிரிக்கவில்லை. அவரவர் வீட்டுக் கூரையை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

மாமாவுக்கு முகம் கறுத்துவிட்டது. "இன்னாடா வேடிக்கை? ஜல்தி அந்த உரலைப் புடுங்குங்கடா!" இரண்டு பேர் கடப்பாரையோடு அக்கா வாசலுக்கு வந்தார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குறுக்கே போனேன். எனக்கு முன்னால் அக்கா போய் உரலின்மேல் உட்கார்ந்தாள். இத்தனை நாள் சாத்தியிருந்த வாயைத் திறந்தாள்.

"புடுங்கு. அதுக்கு முன்னால ஒண்ணு சொல்றேன், கேட்டுக்கோ. நெருப்பு வந்த அன்னிக்கு நான் இந்த உரல்லதான் கேப்பை இடிச்சிக்கினு இருந்தேன். தெருவுல அத்தினி பேரும் என் கண்ணு முன்னால தான் ஓடினீங்க. யாரு எதை எடுத்துகினு ஓடினீங்கன்னு எனக்குத் தெரியும். பெரியதம்பி பூசாரி ஆத்தா பொட்டிய வுட்டுட்டு சேவலை எடுத்துகினு ஓடினாரு."

பூசாரி குனிந்து உடுக்கையின் கயிற்றை இறுக்கினார்.

"கடப்பாரை வச்சிக்கினு நிக்கிறானே, இவன் மாமியாவ இறக்கி வுட்டுட்டு வெத்தலப் பொட்டிய தூக்கிகினான். ஆசாரி ஒரு கால்ல பொஞ்சாதி செருப்பு போட்டுகினு ஓடினாரு. சேரி ஜனமும் இதே தெருவுல தான் ஓடிச்சு. யாரும் ஏன்டான்னு கேக்கலை. ராயப்பன் தோள்ல மாமா வூட்டுக் கன்னுக்குட்டி. அவன் வூட்ல ஒரு சாமான் மிஞ்சலை."

கூட்டம் சிரித்துக்கொண்டே இருந்தது. ஒவ்வொருத்தர் பெயர் வரும்போதும் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது.

"துரைக்கண்ணு மாமா தலையில முறத்தைக் கவுத்துகினு ஓடினாரு. கிஷ்ணவேணி அக்கா பின்னாலயே, 'இந்தாய்யா, இந்தாய்யா'ன்னு கூப்டுகினே வந்தாங்க. அவரு திரும்பலை. நான் தான் அக்கா கையைப் புடிச்சு இஸ்துகினு ஓடினேன்."

சிரிப்பு அங்கே நின்றது.

"ரெண்டு வண்டி எதிர எதிர போற தெருவு. அதனாலதான் அத்தினி ஜனமும் மாடு கன்னும் மிதிபடாம ஏரிக்குப் போச்சு. இப்ப மலை பத்திகினா எப்படி ஓடுவீங்க? ஆத்தாளே உள்ள வர முடியலை. நீங்க எப்படி வெளிய போவீங்க? இப்ப உரலைப் புடுங்கு."

கடப்பாரைக்காரன் கடப்பாரையைத் தரையில் ஊன்றிக்கொண்டு நின்றான். உலக்கை கூரையிலிருந்து மெல்ல உள்ளே இறங்கி மறைந்தது. கிருஷ்ணவேணி வெளியே வந்தாள். தலை முழுக்கச் சோகைத் தூசி. கையில் உலக்கை.

"இன்னாய்யா," என்றாள் புருஷனைப் பார்த்து. "முறத்தை எடுத்துகினு ஓடத் தெரிஞ்சிது. அன்னியிலேருந்து இன்னிக்கு வரைக்கும் ஏன் ஓடினேன்னு ஒரு வார்த்தை சொன்னியா? நீ தள்ளின சுவத்தால என் காலு பேந்துபோச்சு, மாவு இடிக்க எதிர் வூட்டுக்குப் பிச்சைக்காரி மாதிரி போறேன். இப்ப ஊரு சிரிக்குது."

சொல்லிவிட்டு உலக்கையை இரண்டு கையாலும் பிடித்து முன்சுவரில் ஓங்கி ஒரு குத்துக் குத்தினாள். பச்சைச் சுவர், பூச்சுக்கூட ஆகவில்லை. பொலபொலவென்று உதிர்ந்தது. இரண்டாவது குத்தில் உள்ளே இருந்த உரல் தெரிந்தது. பம்பைக்காரனுக்கு என்ன தோன்றியதோ, அடிக்க ஆரம்பித்துவிட்டான்.

அடுத்த வீட்டுப் பெண் உள்ளே போய் உலக்கை எடுத்து வந்தாள். அதற்கடுத்தவள் காத்திருக்கவே இல்லை. ஆண்கள் கொஞ்ச நேரம், "ஏய், ஏய்" என்று சொல்லிப் பார்த்தார்கள். பிறகு கூரை தலையில் விழாமல் இருக்க முட்டுக் கொடுக்கப் போய்விட்டார்கள். துரைக்கண்ணு மாமா கடைசியில் கடப்பாரையை வாங்கித் தன் சுவரைத் தானே இடித்தார். சுவர் விழ விழ உரல்கள் ஒவ்வொன்றாய் வாசலுக்கு வந்தன. சகடை பின்னாலேயே நகர்ந்து, ஒவ்வொரு வாசலிலும் நின்று, மாவு வாங்கிக்கொண்டு போயிற்று. மேற்கு முனையை எட்டியபோது விளக்கு வைக்கிற நேரம். இதற்கு இணையான திருவிழாவைத் தாங்கள் பார்த்ததில்லை என்று அசலூர்க்காரர்கள் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் சுவர் வைக்க ராயப்பனைக் கூப்பிட்டார்கள். அவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

"வைக்கிறோம் ஆண்டே. எங்க பக்கம் இன்னும் ஒரு கூரை நிக்கலை. பொண்டு புள்ளைங்க மழையில நனையுது. அதை முடிச்சுட்டு வர்றோம்."

மாமா வாயைத் திறந்தார். எதிர்வாசலில் என் அக்கா உரலடியில் நின்றுகொண்டு இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா வாயை மூடிக்கொண்டார். என் அடுத்த வண்டிச் சோகை நேரே சேரிக்குப் போயிற்று.

அடுத்த பங்குனியில் மலை மறுபடியும் பற்றிக்கொண்டது. மேல்காற்று ஊர்ப்பக்கம் திரும்பியதும், யாரும் சொல்லாமலே ஜனங்கள் மாடு கன்றை அவிழ்த்துக்கொண்டு கிழக்கே ஓடினார்கள். தெரு தாராளமாய் இருந்தது. அக்கா உலக்கையோடு உரலடியில் நின்று எல்லாரும் போய்விட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாய்த் துரைக்கண்ணு மாமா வந்தார். தலையில் முறம் இல்லை. முதுகில் கிருஷ்ணவேணி. கனத்த சரீரம். மாமாவுக்கு நாக்கு தள்ளியிருந்தது.

"என் காலு நல்லாத்தான்யா இருக்குது, இறக்கி வுடு" என்று அவள் முதுகில் அடித்துக்கொண்டே வந்தாளாம்.

"சும்மா இருடி," என்றாராம் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டு. "சின்னபொண்ணு பார்த்துக்கினு இருக்கா."

அன்றைக்கு நெருப்பு பனந்தோப்போடு நின்றுவிட்டது. மாமா ஏரிக்கரை வரைக்கும் இறக்கிவிடவில்லை.